படுத்திருக்கும் புத்தரும் தீர்ப்பு டிரைவரும்

சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோருமே பயணிகளைத் திட்டுவார்கள். அது தொழிலோடு கூடவே வரும் இடுப்பு வலி மாதிரி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவன் திட்டமாட்டான், தீர்ப்புச் சொல்வான். ஒரு குடும்பத்தை விகாரை வாசலில் இறக்கிவிட்டு, டிரைவர்கள் காத்திருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்து, தேநீரில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆரம்பிப்பான்.

“அப்பன் வெத்துவேட்டு. அம்மா பொதி சுமக்கப் பொறந்தவ. பெரிய புள்ள முரண்டு பிடிக்கும். சின்னது உள்ள போனதும் ஊரைக் கூட்டும். பாத்துக்கிட்டே இரு.”

பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடும்பம் வெளியே வரும்போது சின்னது கண் சிவந்து, மூக்கு ஒழுக, அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டு வரும். இவன் பெஞ்சைத் தட்டுவான். அப்படித்தான் தீர்ப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேன் கம்பெனி முதலாளிகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அவனுக்கும் அதில் வருத்தமில்லை. பட்டம் மாதிரி நினைத்துக்கொண்டான்.

முதலில் அவன் சிமென்ட் லாரி ஓட்டினான். அதைத் தன் பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்வான். சிமென்ட் மூட்டை அழாது. ஒண்ணுக்கு வருது என்று சொல்லாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்காது. கல்யாணமான பிறகு, லாரியில் போகிறவன் வீடு தங்கமாட்டான் என்று மைத்துனன் பிடித்த பிடியில்தான் சுற்றுலா வேனுக்கு வந்தான். வேனுக்கு வந்தும் வீடு தங்கவில்லை என்பது வேறு கதை.

புத்தர் நாடு என்று கேள்விப்பட்டு நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தனியாக வருகிறவர்கள் மீது அவனுக்குப் புகாரில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், பிறகு தூங்கிவிடுவார்கள். கைக்குழந்தையும் கால் முளைத்த குழந்தையுமாக வருகிறவர்களைக் கண்டால்தான் அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

“அமைதி வேணுமாம். ரெண்டு புள்ளையப் பெத்துட்டு, அமைதியைத் தேடி விமானம் ஏறி வந்திருக்கான்.”

தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். செல்போனைப் பார்த்து புத்தரின் வரலாற்றை உரக்கப் படிக்கும் அப்பா. அந்த அப்பாவின் சட்டைப் பையில் வாந்தியெடுக்கும் மகன். பிஸ்கட்டை ஒடித்து ஒடித்துக் கொடுத்துக்கொண்டே, ஆசைகளை விடுவது பற்றிப் புருஷனோடு விவாதிக்கும் அம்மா. அந்த பிஸ்கட் தூள் சீட்டின் தையலுக்குள் இறங்கிவிடும். சாயங்காலம் பல் குத்தும் குச்சியால் அதை நோண்டி எடுப்பது அவன் வேலை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை சீட்டை உதைத்துக்கொண்டே வரும். உதைக்காத குழந்தையை அவன் பார்த்ததில்லை. எந்த ஊர்க் குழந்தையானாலும் உதைக்கிற தாளம் ஒன்றுதான் என்பான்.

அவன் தடத்தில் பெரிய நிறுத்தம் மலைமேல் இருந்த விகாரை. அங்கே ஒரு நீண்ட மண்டபத்தில் படுத்த நிலையில் மிகப் பெரிய புத்தர் சிலை இருந்தது. மலை ஏற்றத்தில் வளைவுகள் வரும். வளைவுகளில் குழந்தைகள் அலறும். அந்த அலறலுக்கு அவனிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் கீழே திருப்புவான். குழந்தையின் கண்ணைப் பிடிப்பான். குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

“மேல பெரிய புத்தர் தூங்கிட்டிருக்காரு. சத்தம் போட்டா முழிச்சுக்குவாரு.”

“முழிச்சா?”

“தெரியாது. முழிச்சதைப் பாத்தவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல.”

வேன் அடங்கிவிடும். அப்பாக்கள் நன்றியோடு பார்ப்பார்கள். இந்த வித்தையை அவன் கொட்டகையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. தொழில் ரகசியம். அந்தப் புத்தரை அவன் பார்த்ததுமில்லை. டிரைவர் வேலை வாசலோடு முடிந்தது. படம் போட்ட அட்டையில் சிலையின் பாதமும் மடித்த கையும் இருந்தன. படுத்திருக்கிறவர் தூங்குகிறார், இதைப் போய்ப் பார்க்க வேறு வேண்டுமா என்பது அவன் கட்சி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கம்பெனியின் உண்மையான முதலாளியான முதலாளியம்மா ஒரு யோசனை கொண்டுவந்தார். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே தனி வேன். புதுசு. குளிர்சாதனம், சின்ன சீட்டு, ஜன்னலில் திரை. அதை ஓட்டுகிறவன் விடியாத நேரத்தில் விமான நிலையத்துக்கு ஓட வேண்டாம், பெட்டிகளை மேலே கட்ட வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு. அந்த வண்டிக்கு யார் என்பதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தீர்ப்பு. இன்னொருவன் சிரிப்பு.

சிரிப்பு உருண்டையான ஆள். காரணமில்லாமல் சிரிப்பான், காரணம் இருந்தால் இன்னும் சிரிப்பான். குழந்தைகள் பாட்டாகப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவான். தீர்ப்புக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும்.

“அவன் வேனா ஓட்டறான்? ஆயா வேலை பாக்கறான்” என்பான். அதே வேலையைத்தான் தானும் கேட்டிருக்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வராது. அவனுக்கு வேண்டியது புது வேன். அதற்குள் குழந்தைகள் இருக்கும் என்பது சின்ன அசௌகரியம்.

முதலாளியம்மா இரண்டு வார்த்தையில் முடித்தார். “குழந்தைங்ககிட்ட நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கணும். ஞாயித்துக்கிழமை உங்க குடும்பத்தையே ஏத்திட்டு வாங்க, மலைமேல புத்தர் கோயிலுக்குப் போவோம். சிரிப்பு போன வாரம் அவர் வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தார்.”

“எப்படிப் போச்சு மேடம்?”

“எனக்குத் தலைவலி” என்றார் முதலாளியம்மா.

தீர்ப்புக்கு அன்று முழுக்க நடையில் ஒரு துள்ளல்.

அவன் வீடு இரண்டு அறை. முன்னறையில் மனைவியின் தையல் மெஷின், அதைச் சுற்றி ஒரு கடைக்குத் தைத்துக் கொடுக்கும் தலையணை உறைகள். அந்த உறைகளுக்கு நடுவில்தான் குழந்தைகள் வளர்ந்தார்கள். மூத்தவனுக்கு ஏழு வயது. எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வான் என்பதால் அப்பா வைத்த பெயர் வக்கீல். மூன்று வயது மகளுக்கு அவன் வைத்த பெயர் சைரன். ஊரார் குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறவன் சொந்த வீட்டுக்கும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெளிய போறோம்” என்றான்.

மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யார் செத்துட்டாங்க?”

“யாரும் சாகலை. சுத்திப் பாக்க. மலைக் கோயிலுக்கு.”

“இத்தனை வருஷம் வாசலைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகாத ஆளு கூப்பிட்டா வேற என்னன்னு நினைக்கறது?”

அவன் விவரத்தைச் சொன்னான். புது வேன், முதலாளியம்மா, அவருக்குச் சிரிப்பு கொடுத்த தலைவலி. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சரி. எங்களுக்குக் கோயிலைக் காட்டப் போகலை. மேடத்துக்கு எங்களைக் காட்டப் போறீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணுதான். ரெண்டுலயும் பையைத் தூக்கறது நான்தான்.”

அடுத்து வந்த நாட்களில் அவன் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்தான். ஸ்டூலையும் நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு அதுதான் வேன் என்றான். பிஸ்கட் கூடாது. ஜூஸ் கூடாது. சீட்டை உதைக்கக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கவே கூடாது. சைரன் ஸ்டூலிலிருந்து இறங்கி அதையே உதைத்தாள். வக்கீல் கையைத் தூக்கினான்.

“அப்பா, தண்ணி குடிக்கலாமா?”

“குடிக்கலாம். கொஞ்சமா.”

“கொஞ்சமா குடிச்சாலும் ஒண்ணுக்கு வருமே. அப்ப ஒண்ணுக்கு வரலாமா?”

மனைவி எல்லா நிபந்தனைகளையும் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு பையில் பிஸ்கட்டை எடுத்து வைத்தாள். மாற்றுத் துணி, ஈரத் துண்டு, பழைய பிளாஸ்டிக் கவர்கள், நூல் தீர்ந்த கட்டைகள் நாலு.

“இது எதுக்கு?”

“உருட்டி விளையாட. நீங்க போய் முகம் கழுவுங்க, அதுல எப்பப் பாத்தாலும் சண்டை போட்ட களை.”

ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தார். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இருப்பது மாதிரி. தீர்ப்பு ஓர் இரவல் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டான். அது அவன் முகத்தில் அளவு தவறித் தைத்த உறை மாதிரி இருந்தது. குரலில் தேனைக் குழைத்தான்.

“என் செல்லங்களா, என்ன பாட்டு வேணும் உங்களுக்கு?”

 பின்னாலிருந்து வக்கீல் கவலையோடு கேட்டான்: “அப்பா, நீங்க யார்கிட்ட பேசறீங்க?”

முதலாளியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சைரன் சீட்டை உதைக்க ஆரம்பித்தாள். எந்த ஊர்க் குழந்தைக்கும் உள்ள அதே தாளம். பெட்ரோல் பங்கில் ஒரு முறை, அதைத் தாண்டியதும் புதர் ஓரமாக இன்னொரு முறை வண்டி நின்றது. மாற்றுத் துணி மாற்றப்பட்டது. பிஸ்கட் பிரிக்கப்பட்டது. தீர்ப்பு பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தான். பல்லைக் கடிப்பதும் புன்னகைப்பதும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது வசதியாகப் போயிற்று.

கண்ணாடியில் பார்த்தான். பொதி சுமக்கும் அம்மா. முரண்டு பிடிக்கும் பெரியவன். ஊரைக் கூட்டத் தயாராகும் சின்னது. அவன் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்த அதே குடும்பம், அதே சீட்டுகளில். அப்பன் மட்டும் கண்ணாடிக்குள் இல்லை. அது ஏன் என்று யோசிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்ததில்லை.

மலை வளைவுகள் தொடங்கின. சைரன் மூச்சை இழுத்தாள். அந்த இழுப்பின் நீளத்தை வைத்தே பின்னால் வரப்போகும் அலறலின் நீளத்தைச் சொல்லிவிடலாம். வந்தது. முதலாளியம்மா இரண்டு விரல்களால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். சிரிப்பின் வேனில் கிடைத்த அதே தலைவலி இப்போது இங்கேயும் ஏறுவதைத் தீர்ப்பு பார்த்தான். கண்ணாடியைக் கீழே திருப்பினான்.

“பாப்பா. மேல பெரிய புத்தர் தூங்கிட்டிருக்காரு. சத்தம் போட்டா முழிச்சுக்குவாரு.”

அலறல் பாதியில் அறுந்தது.

“முழிச்சா?”

“முழிச்சதைப் பாத்தவங்க யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல.”

சைரன் ஒரு விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் ஒரு விரல் வைத்துவிட்டாள். வேனுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

“பரவாயில்லையே” என்றார் முதலாளியம்மா. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல். தீர்ப்புக்கு ஸ்டீயரிங்கே லேசாகிவிட்டது.

“அனுபவம் மேடம். சில பேர் பாட்டுப் போட்டுக் கெடுத்து வெச்சுடுவாங்க.”

“கல்லு எப்படிப்பா தூங்கும்?” என்றான் வக்கீல்.

“நீ வாயை மூடு” என்றான் அப்பா, தேன் குழைக்காமல்.

 அவன் கண்ணாடியில் மனைவியின் கண்ணைச் சந்தித்தபோது, அதில் ஒரு பழைய சந்தேகம் உறுதியானது போலிருந்தது. பள்ளிக்கூட நாளில் வயிற்றுவலி என்று படுத்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

விகாரை வாசலில் அவன் வழக்கம்போலக் கொட்டகைப் பக்கம் திரும்பினான். முதலாளியம்மா கூப்பிட்டார். “எங்க போறீங்க? புது வேன்ல டிரைவர்தான் கடைசிவரைக்கும் கூட இருக்கணும். வாங்க உள்ள.”

அங்கிருந்துதான் சரிவு. செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி ஷூவோடு நடந்தான். செருப்பு பார்த்துக்கொள்ளும் பெண் கூப்பிட்டுக் கழற்ற வைத்தாள். இன்னும் நாலடி போனதும் மறுபடி கூப்பிட்டாள். “தொப்பியையும் கழட்டுங்க.” கொட்டகையில் அவன் தோழர்கள் தேநீர் டம்ளர்களோடு எழுந்து நின்று பார்த்தார்கள். முற்றத்துக் கல் வெயிலில் காய்ந்து கிடந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதில் குதித்துக் குதித்துப் போவதை அவன் ரசித்துப் பார்த்திருக்கிறான். இப்போது அவனும் குதித்தான். குதிப்பவன் கௌரவமாக இருக்க முடியாது. மகன் நிழலைத் தேடி முன்னால் ஓட, தீர்ப்பு மண்டப வாசலில் நின்றுகொண்டு, தரிசனத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினான்:

“டேய், ஓடாதடா.”

சைரன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். விரல் இன்னும் உதட்டில் இருந்தது. கண் மட்டும் பெரிதாகிவிட்டது.

மண்டபத்துக்குள் பாதத்தின் பக்கமிருந்துதான் நுழைய வேண்டும். முதலில் ஆள் உயரத்தை மிஞ்சிய உள்ளங்கால்கள். பிறகு அங்கியின் மடிப்புகள், நதி மாதிரி நீண்டுகொண்டே போயின. பூவும் மெழுகும் கலந்த வாசனை. சுவரோரமாகச் சிலர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். சைரன் நுனிக்காலில் நடந்தாள். தீர்ப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதலாளியம்மா பார்க்கும் கோணத்தில் தன் முகத்தைப் பாசமாக வைத்துக்கொண்டு, கூட நடந்தான். இடுப்பு வந்தது. மடித்த கை வந்தது. தோள் வந்தது.

“பாத்தியா பாப்பா” என்று கிசுகிசுத்தான், “எவ்வளவு நல்லாத் தூங்கறாரு.”

முகம் வந்தது.

கண்கள் அகலத் திறந்திருந்தன. வெள்ளை விழி, நடுவில் பளபளக்கும் கறுப்பு மணி. கீழே யார் நின்றாலும் அவர்களையே பார்ப்பது போலச் செய்திருந்தார்கள். இப்போது கீழே நின்றது அப்பாவும் மகளும்.

 சைரனின் அந்த நீண்ட மூச்சு உள்ளே போனது.

“அப்பா கத்தினதுல முழிச்சிட்டாரு.”

கண்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். சைரன் கையை உதறிக்கொண்டு ஓடி, ஒரு பூத்தட்டைத் தட்டிவிட்டு, தூணைக் கட்டிக்கொண்டு அலறினாள். வேறு ஒரு குடும்பத்தின் சின்னப் பையன், என்ன ஏது என்று கேட்காமல், கூடச் சேர்ந்துகொண்டான். தீர்ப்பு தூணிடம் போனான்.

“இல்லடா கண்ணு. தூங்கறாரு, தூங்கறாரு.”

“கண்ணு தொறந்திருக்கேப்பா” என்றான் வக்கீல்.

“கண்ணைத் தொறந்துட்டே தூங்கறாருடா.”

“அப்ப சத்தம் போட்டா கண்ணை மூடிக்குவாரா?”

பதில் தெரியாதபோது தீர்ப்பு எப்போதும் செய்வதையே செய்தான். மகளைத் தூணிலிருந்து பிய்த்தெடுத்து, வாயைக் கையால் பொத்தினான். அவள் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முதலாளியம்மா அவனுடைய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டான். அலறல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

துடைப்பத்தோடு விகாரையின் பணியாள் வந்தார். வயதானவர். சிதறிய பூக்களைக் கூட்டிக்கொண்டே, ஆச்சரியமே இல்லாத குரலில் கேட்டார்.

“எந்த வேன்ல வந்தீங்க தம்பி?”

“ஏன்?”

“இல்ல, இங்க சும்மா நாள்ல ஒரு சத்தம் இருக்காது. திடீர் திடீர்னு ஒரு குழந்தை வந்து, இதே இடத்துல நின்னு, முழிச்சிட்டாரு முழிச்சிட்டாருன்னு அலறும். எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் ஒரு அம்மா சொன்னாங்க, யாரோ ஒரு வேன் டிரைவர் வழியிலேயே அப்படிச் சொல்லிப் பயமுறுத்தி அனுப்பறானாம். அந்தப் புண்ணியவான் வாசலோட போயிடறான். உள்ள வந்தான்னா பாக்கணும்.” துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு கூரையைப் பார்த்தான். முதலாளியம்மா தீர்ப்பைப் பார்த்தார். வக்கீல் உதவி செய்ய ஆசைப்பட்டான்.

“எங்கப்பாதான் அது, தாத்தா.”

கொட்டகையில் பெஞ்சைத் தட்டி அவன் சொன்ன தீர்ப்புகளெல்லாம் பலித்த கதை இவ்வளவுதான். குழந்தை அழும் என்றான், அழுதது. அழுவதற்கான ஏற்பாட்டை மலை வளைவிலேயே செய்துவிட்டுத்தான் அவன் சொன்னான். இத்தனைக்கும் அவனுக்கே அது தெரியாது. ஏமாற்றுக்காரனாகக்கூட இருக்கத் தெரியாதவனை என்னவென்று சொல்வது?

மனைவி பையை அவன் கையில் திணித்தாள். முதல் முறையாக அது அவன் கைக்கு வந்தது, கனமாகத்தான் இருந்தது. அவள் சிலைக்கு எதிரே தள்ளிப் போய்த் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டாள். அழுத மற்ற பையனும், அவன் அம்மா செய்வதறியாமல் நிற்க, வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். அவனுக்கும் முந்தானையில் ஒரு நுனி கிடைத்தது.

“தூங்கறாருன்னு யாரு சொன்னா?”

“அப்பா.”

“அப்பா இங்க வந்ததே இல்லடி. அவருக்கு என்ன தெரியும்? இவர் முழிச்சுதான் இருக்காரு. எப்பவும்.”

“எப்பவுமா?”

“எப்பவும். சும்மா சாஞ்சு படுத்திருக்காரு. உங்கப்பா லீவு நாள்ல படுத்திருக்கற மாதிரி. ஆனா இவர் நம்மளைத் திட்டறதில்ல.”

“கோவமா பாக்கறாரு.”

“நல்லாப் பாத்து சொல்லு. கோவமா?”

சைரன் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். இன்னும் பார்த்தாள். அந்தப் பையனும் கூடச் சேர்ந்து பார்த்தான். மண்டபத்தில் இருந்தவர்கள்கூடத் தங்களுக்கும் சந்தேகம் வந்தது போல நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இல்ல” என்றாள் கடைசியில். “அவருக்கு போரடிக்குது.”

முதலாளியம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வெளியே போய் நன்றாகச் சிரித்தார் என்பது உள்ளேவரை கேட்டது. தீர்ப்பும் ஒரு சிரிப்பைச் சேர்த்துவைத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பும்போது முதலாளியம்மா முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தீர்ப்பு, பக்கத்தில் காலிச் சீட்டோடு, வண்டி ஓட்டினான். குழந்தைகள் நூல் கட்டைகளைச் சீட்டுக்கு அடியில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் காதைப் பின்னால் வைத்திருந்தான்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“தலையணை உறை தைக்கறேன் மேடம். வீட்டுலயே.”

“புது வேன்ல வர்றீங்களா? குழந்தைங்களைப் பாத்துக்க. டிரைவரால முடியற வேலை இல்ல அதுன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது.”

தீர்ப்பு தொண்டையைச் செருமினான். “வண்டி யாரு மேடம் ஓட்டுவாங்க?”

“சிரிப்பு ஓட்டட்டும். அவரும் பெரிய கெட்டிக்காரர் இல்ல. குழந்தை அழுதா கூடச் சேர்ந்து கண் கலங்குவார், அப்புறம் அவரையும் ஒருத்தர் சமாதானப்படுத்தணும். ஆனா யாரையும் பயமுறுத்த மாட்டார். நீங்க பெரியவங்க குழுவை ஏத்துங்க. ரிட்டயர் ஆனவங்க. ஏறினதும் தூங்கிடுவாங்க, உங்களுக்கும் நிம்மதி.”

புது வேன் அந்த வளைவிலேயே கை நழுவிப் போய்விட்டது. தீர்ப்பு கடைசியாக ஒரு கல்லை எடுத்து வீசினான். “அதெல்லாம் சரி மேடம். இவ வேலைக்கு வந்தா வீட்டுல ரெண்டு புள்ளைங்களை யாரு பாப்பாங்க?”

குடும்பக் கவலையில் அவன் குரல் அவ்வளவு கனிந்து இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

“யோசிச்சு சொல்றேன் மேடம்” என்றாள் மனைவி.

அவனுக்கு மூச்சு வந்தது. யோசிக்கிறவள் வரமாட்டாள். எதையும் யோசிக்கப் போகிறேன் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அவனுடைய வழக்கம். எல்லோருக்கும் அதுதான் வழக்கம் என்று நினைத்தான். வேன் இன்னும் ஒரு வளைவு இறங்கியது. ஒரு நூல் கட்டை உருண்டு வந்து பிரேக் பக்கம் நின்றது. அதைக் காலால் ஒதுக்கினான்.

“யோசிச்சுட்டேன்” என்றாள் மனைவி. “வரேன். எனக்கு வேலை இருக்கற நாள்ல இவருக்கு லீவு போட்டுக் குடுத்துடுங்க. மத்த நாள்ல அந்தப் பெரியவங்களை ஏத்தட்டும்.”

“அது ஒண்ணும் கஷ்டமில்ல.”

“நான் என்ன சொல்றேன்னா—” என்றான் தீர்ப்பு.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றார்கள் இரண்டு பெண்களும், ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

வேலை தொடங்கிய நாளன்று புது வேன் வாசலில் வந்து நின்றது. சிரிப்பு இறங்கி வந்து, “அண்ணே, அண்ணியைப் பத்திரமா கொண்டுவந்து விட்டுடறேன்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் நக்கல் இருக்கிறதா என்று தீர்ப்பு தேடிப் பார்த்தான். இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மனைவி கம்பெனி கொடுத்த நீலச் சேலையில் இருந்தாள். அது அவளுக்கு எடுப்பாக இருந்ததை அவன் கவனித்தான், சொல்லவில்லை.

“அவனுக்கு ஏத்தத்துல கியர் மாத்தத் தெரியாது” என்றான். “பாத்து உக்காரு.”

“சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பெரியவனுக்குச் சளி, ஐஸ் கேப்பான், குடுக்காதீங்க. சின்னவளை மத்தியானம் தூங்க விடாதீங்க, அப்புறம் உங்களைத் தூங்க விடமாட்டா. உறை ரெண்டு பாக்கி இருக்கு, அதைத் தொடாதீங்க.”

“நான் எதுக்குத் தொடறேன்?”

“குழந்தைங்களைத் தொட விடாதீங்கன்னு சொன்னேன்.”

அவள் ஏறி, பின்சீட்டில் இருந்த ஏதோ ஒரு குடும்பத்தின் குழந்தையிடம் என்னவோ கேட்டாள். அது உடனே பதில் சொன்னது. சைரன் அப்பாவின் இடுப்பிலிருந்து அம்மாவை நோக்கிப் பாய்ந்தாள்; இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. வேனின் கதவு தள்ளிச் சாத்துகிற ரகம். அதை அவளே உள்ளிருந்து சாத்தினாள். விரல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தீர்ப்பு ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றான்.